கதவை மட்டும் திறந்த சாவி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லை, அதையும் அப்பா தொலைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாயே, "போன தடவை நானே புதுச் சாவி போட்டுக் குடுத்துட்டு வந்தேன், அதையுமா தொலைச்சிட்டாரு?" என்று. உனக்குப் பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தாள், அண்ணி உன்னைக் கூப்பிட்டார், வைத்துவிட்டாய். இப்போது பதில் இருக்கிறது. ஆனால் போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்பாய். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் உட்கார்ந்து படி.

வீட்டில் அப்பாவும் நானும் நலம். சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். "சுருக்கமாக எழுதக் கற்றுக்கொள்" என்று ஓரத்தில் நீளமாக எழுதியிருந்தார்.

இனி காரின் கதைக்கு வருகிறேன்.

உனக்கு இந்த விஷயம் கீழ்வீட்டு வக்கீல் மாமா வழியாக வந்தது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவரை வாரம் இரண்டு முறை முழங்கால் பயிற்சிக்கு அப்பாதான் அழைத்துப் போவார், தெரியும் அல்லவா? நீ ஊருக்குப் போன பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து சில வாரம் காரை வெளியே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் மாமா கைத்தடியோடு தயாராக வந்து நின்றிருக்கிறார். அப்பா கார் இருக்கைக்கு அடியில் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாராம். என்ன தேடுகிறீர்கள் என்றதற்குச் சாவி என்றாராம். அப்பாவின் இன்னொரு கையில் சாவி இருந்திருக்கிறது. மாமா அதைக் காட்டியதும் "இது சாவி இல்ல சார், சாவி தொலைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாராம்.

கேட்டபோது நானும் பயந்துபோனேன். மறைக்கவில்லை.

நானும் சோதித்துப் பார்த்தேன். அதே வளையம். அம்மா இருந்தபோது வாங்கிக் கொடுத்த அதே தோல் பட்டை. வாசல் பக்கம் அதே ஆணியில் தொங்கிய அதே கொத்து. கார்க் கதவில் போட்டுத் திருப்பினேன். திறந்தது. அதனால் சாவி சரி, ஆள்தான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். உள்ளே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பும் ஸ்விட்சில் போட்டால் அது திரும்பவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கார், ஸ்விட்ச் போயிருக்கும். அவ்வளவுதான். மெக்கானிக்கும் வந்து பார்த்துவிட்டு ஸ்விட்ச் போச்சு, கழற்றி எறிந்துவிட்டு பட்டன் வைத்துவிடலாம் என்றார். "பூட்டு நல்லாத்தான் இருக்கு. இது என் சாவி இல்ல" என்றார் அப்பா. மெக்கானிக் என்னைப் பார்த்துத் தன் நெற்றிப்பொட்டில் விரலால் தட்டிக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

நான் வளையத்தைப் பார்த்தேன். அவர் சாவியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே அறிகுறி ஆகிவிட்டது. குழம்பில் இரண்டு தடவை உப்பு. திறந்தபடி விட்ட குழாய். அப்பா என்னை அம்மாவின் பெயரில் கூப்பிட்டது. இவையெல்லாம் நடந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் போன வருடமும் நடந்தன. போன வருடம் நாம் சிரித்தோம். இந்த வருடம் உனக்குப் போன் செய்தேன்.

ஒரு காலை காப்பி கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்பது போல இன்று என்ன கிழமை, என்ன தேதி என்று கேட்டேன். இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டு, "அடுத்த கேள்வி? வாய்ப்பாடு ஒப்பிக்கணுமா?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவருக்கு, தன்னை யாரோ உற்றுப் பார்த்துக் கோடு கோடாக வரைகிறார்கள் என்று தெரியாமலா இருக்கும்?

அந்த வாரத்தில்தான் நீ முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னாய். நல்ல இடம், தோட்டம் இருக்கிறது, ஓர் அறை காலியாக இருக்கிறது, மாதக் கடைசிவரை நமக்காகப் பிடித்துவைத்திருப்பார்கள், உள்ளூரில் இருப்பவள் நான் சரியென்றால் போதும். சரியென்று சொல்ல அவர்கள் எண்ணை எழுதிவைத்திருந்தேன். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு உன்னோடு பேசிய பிறகு வீடு முழுவதும் தேடினேன். நீ போட்டுக் கொடுத்த அந்தப் "புதுச் சாவி"யை. மேசை இழுப்பறை, பழைய சட்டைப் பைகள், அரிசி டப்பாகூட. அப்பா பின்னாலேயே வந்தார். என்ன தேடுகிறாய் என்றார். சாவி என்றேன். "நீயுமா?" என்றார்.

மறுநாள் பூட்டுக்காரரை அழைத்து வந்தேன். காரை வைத்துக்கொள்வதாக இருந்தாலும் விற்பதாக இருந்தாலும் அது நகர வேண்டுமே. வாய் ஓயாத மனிதர். அவரும் முதலில் மெக்கானிக் பக்கம்தான். அப்பாவை உட்காரவைத்து, "சார், எப்படித் திருப்புறீங்கன்னு காட்டுங்க" என்றார். அப்பா காட்டினார். "அப்படி இல்ல சார், இப்படி" என்று தான் திருப்பிக் காட்டினார். அவருக்கும் திரும்பவில்லை. "சொன்னா கேக்கணும்" என்றார் அப்பா.

ஸ்விட்ச் முகத்தில் சின்னதாக ஓர் எண் பொறித்திருக்கிறது, நீயும் கவனித்திருக்க மாட்டாய். தொழிற்சாலை கொடுத்த எண். அந்த எண் இருந்தால் சாவி தானாக வந்துவிடும் என்று குறித்துக்கொண்டு போனார். அடுத்த நாள் அதன்படி வெட்டிய சாவியோடு பெரிய தோரணையில் வந்து இறங்கினார். போட்டார். நுழைந்தது. திரும்பவில்லை.

அவர் பேச்சு நின்றது அப்போது மட்டும்தான்.

பிறகு எங்கள் சாவியையும் தன் சாவியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எப்ப போட்ட டூப்ளிகேட்?" என்று கேட்டார். டூப்ளிகேட் இல்லை, எத்தனையோ வருடமாக இதுதான் என்றேன். "அத்தனை வருஷம் ஓடின சாவிக்குப் பல்லு இப்படியா இருக்கும்? விளிம்பைத் தொட்டுப் பாருங்க, கீறும். மெஷின்ல அவசரமா அடிச்சது. பிசிறைக்கூட எடுக்கல" என்றார். தொட்டேன். கீறியது.

ஆனால் கதவு திறக்கிறதே என்றேன். "வீட்டுல வேற ஏதாவது சாவி இருந்தா கொண்டு வாங்க" என்றார். அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். அதைக் கார்க் கதவில் நுழைத்து, ஒரு ஆட்டு ஆட்டித் திருப்பினார். திறந்துகொண்டது. அண்ணா, நம் அலமாரிச் சாவி! அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. "இத்தனை நாளா திருடனுக்குத்தான் இந்த விஷயம் தெரியல" என்றார்.

அங்கே நின்றபோதுதான் உன் வாக்கியம் எனக்குப் புரிந்தது. நானே புதுச் சாவி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ கொடுக்கவில்லை. மாட்டிவிட்டுப் போனாய். இப்படித்தான் நடந்திருக்கும்: ஊருக்குக் கிளம்பும் நாள். காலையில் கடைத்தெருவுக்குக் காரை எடுத்துப் போனாய். பழைய சாவி தேய்ந்திருக்கிறது என்று ஒரு டூப்ளிகேட் அடித்தாய். நல்ல எண்ணம்தான். அடித்ததைக் கதவில் போட்டுப் பார்த்தாய், திறந்தது, போதும். வீட்டுக்கு ஓட்டி வந்தது பழைய சாவியில். புதியதுதானே நல்லது என்று அதை அப்பாவின் வளையத்தில் கோத்து ஆணியில் மாட்டினாய். பழையதைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எங்களிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டே நீ ஏறியிருப்பாய். நீ எப்போதும் அப்படித்தான், பாதி வாக்கியம் வீட்டில் இருக்கும், மீதி வழியில் இருக்கும்.

ஆக, அப்பா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. இது சாவி இல்லை. சாவி தொலைந்துபோயிற்று. கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். நாம் அத்தனை பேரும் ஒரு பக்கம். அவர் ஒரு பக்கம்.

எண்ணின்படி வெட்டிய சாவி ஏன் திரும்பவில்லை என்று பூட்டுக்காரரைக் கேட்டேன். "அது புதுப் பூட்டுக்கு உள்ள சாவிம்மா. இந்தப் பூட்டு அப்போ இருந்த பூட்டா? சாவியும் தேஞ்சுது, கூடவே உள்ள இருக்கிற தகடும் தேஞ்சுது. இப்ப எப்படி இருக்கோ அப்படிப் பாத்துத்தான் செய்யணும்" என்றார்.

செய்தார். பல் வெட்டாத ஒரு சாவியை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கினார். பூட்டில் விட்டு அழுத்தித் திருப்பினார். வெளியே எடுத்தால் கறுப்பில் மயிரிழை மாதிரி வெள்ளைக் கீறல்கள். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி புகை. மறுபடி பூட்டு. மதியம் முழுக்க இதுதான். அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். "சார், என் மூஞ்சி அழகாத்தான் இருக்கும், இருந்தாலும் பூட்டுக்கு அடிங்க" என்று திட்டு வாங்கினார். நடுவில் பொறுமை போய், தன் பழைய சாவி எப்படி இருக்கும் என்று செய்தித்தாள் ஓரத்தில் வரைந்து நீட்டினார். "படம் ரொம்ப நல்லாருக்கு சார். ஆனா பேப்பரைப் பூட்டுல விட முடியாதே" என்றார் பூட்டுக்காரர். முடிந்த பிறகு சாவியைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். ஒரு பல் மட்டும் தப்பு. அப்பாவுக்கு அதில் கோபம். சாவிதான் தப்பு என்றார்.

திரும்பியது. சத்தமே இல்லாமல், சும்மா திரும்பியது. சிவப்பு விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. பேட்டரி படுத்துவிட்டிருந்தது. மெக்கானிக்கை மறுபடி அழைத்து, அவர் கொண்டுவந்த பேட்டரியில் ஒயர் கொடுத்துக் கிளப்பினோம். அவர் நெற்றியைத் தொடவில்லை. காரின் புகை அடங்குவதற்குள் வக்கீல் மாமா கைத்தடியோடு வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன சார், இன்னிக்கு நான் வரலாமா, இல்ல வேற சாவி தேடணுமா?" என்றார். "ஏறுங்க, வாய் நல்லாத்தான் நடக்குது, முட்டிதான் நடக்கல" என்றார் அப்பா.

மாலை திரும்பி வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என் அறை வாசலில் நின்றார். "பெரியவன்கிட்ட சொல்லாதே. வருத்தப்படுவான்" என்றார். நான் விளக்கிச் சொல்வதற்கு முன்பே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

சொல்லாதே என்றார். சொல்லிவிட்டேன். உன்னை வருத்துவதற்காக இல்லை. நாளைக்கே அவருக்கு உண்மையாகவே மறதி வரலாம். வந்தால் பார்த்துக்கொள்வோம், நீயும் நானும் சேர்ந்து. ஆனால் இன்று அவர் எதைச் சொன்னாலும் முதலில் அவர் கையில் இருப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இங்கே இருக்கும் எனக்கே இத்தனை நாள் அது தோன்றவில்லை. அங்கே இருக்கும் உனக்கு எப்படித் தோன்றும்?

உன் டூப்ளிகேட்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். விளிம்பைத் தொட்டுப் பார். உன் சாம்பல் நிறக் கோட்டின் உள்பையைத் தேடு, சில்லறை போடுவாயே, அங்கே. பழையது இருக்கும். வளையம் ஆடி ஆடி ஓட்டை நீளமாகியிருக்கும். பற்கள் மழுமழுவென்று இருக்கும். அதைத் தபாலில் அனுப்பாதே, வழியில் தொலையும். நீயே கொண்டு வா. குழந்தைக்கு விடுமுறை எப்போது என்று அண்ணியைக் கேட்டு எழுது. பூட்டுக்காரரைக் கேட்டுவிட்டேன், அது இன்னமும் இந்தப் பூட்டுக்குச் சேரும் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவின் ஆசி உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு. அவர் சொல்லி எழுதவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அந்த இல்லத்துக்குப் போன் செய்தேன். அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.