நீ கழித்து வைத்த வால்வு

குஞ்சு,

இன்றைக்கு மத்தியானம் வீடெல்லாம் சந்தனம் கருகுகிற மணம். அடுப்பில் ஒன்றுமில்லை, சாமி விளக்கும் ஏற்றவில்லை. உன்னுடைய கிற்றார் அம்பிளிபயரைத்தான் போட்டேன். அதன் பின்பக்கத்தில் பல்ப் மாதிரி நிற்கிற பெரிய வால்வில், ஒரு சரஸ்வதி பூசைக்கு நான் வைத்த பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி சூடேறினால் அது மணக்கும்.

அந்தப் பூசையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மற்றவர்கள் புத்தகம் வைத்துக் கும்பிட, நான் உன்னுடைய பெட்டியை வைத்தேன். வால்வு ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும். விஜயதசமியன்று நீ சுவிட்சைப் போட, கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் புகை.

"அம்மா! வால்வுக்கு ஆராவது பொட்டு வைப்பினமே?"

"லொறிக்கு வைக்கினம், தையல் மெசினுக்கு வைக்கினம். இது மட்டும் என்ன பாவம் செய்தது?"

"இனிக் கலியாண வீட்டிலை வாசிக்கேக்கை ஐயருக்கு வேலையில்லை" என்று சொல்லிச் சிரித்தாய்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய பாண்ட் வாத்தியக்காரர் கழித்துவிட்ட பெட்டி அது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நாங்கள் இருந்த இந்த மேல்மாடி அறைக்கு நீ அதைத் தூக்கி வந்த அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை. நீ கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். வயர் சும்மா தொங்கியது. பெட்டிக்குள் இருந்து ஓர் ஆண்குரல், "ஹரி, ஹரி" என்றது. சரி, சரி என்று யாரோ சிங்களத்தில் யாருக்கோ பதில் சொல்கிறார்கள். நான் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. காலி வீதிச் சென்றியிலை ஆமிக்காரர் வோக்கி டோக்கியிலை கதைக்கிறாங்கள். இது இழுத்துப் பிடிக்குது."

"செக்கிங்குக்கு வரேக்கை இது வாயைத் திறந்தா என்னடா செய்யிறது? பொடியன் சென்றியை ஒட்டுக் கேக்கிறான் எண்டெல்லோ சொல்லுவாங்கள்."

நீயும் பயந்துதான் போனாய். அடுத்த நாளே சந்தைப் பக்கம் றேடியோ திருத்துகிற முஸ்லிம் நானாவிடம் போய், பேப்பரில் சுற்றின பழைய வால்வுகளோடு வந்தாய். "ஒண்ட போல ஒண்டு இருக்காது தம்பி, பூட்டிப் பாத்துத்தான் எடுக்கோணும்" என்று அவர் சொன்னாராம். வயர் குத்துகிற இடத்துக்குக் கிட்ட நிற்கிற அந்தச் சின்ன வால்வுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொன்னாராம். நீ ஒவ்வொன்றாகப் பூட்டினாய். பென்சிலால் மெல்லத் தட்டிப் பார்த்தாய். பிறகு ஒரே மெட்டை வாசித்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பிக் கேட்பாய்.

"இது எப்பிடி அம்மா?"

"தகரத்திலை மழை பெய்யிற மாதிரி."

"இது?"

"எண்ணெய் காய முதல் போட்ட வடை."

எனக்கென்ன சங்கீதமா தெரியும்? கந்தோர் உத்தியோகக்காரருக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிறவள் நான். ஆனாலும் நான் சொன்னதை வைத்துத்தான் நீ குமிழ்களைத் திருகினாய். கடைசியில் ஒரு வால்வு வாய்த்தது. கீச்சுச் சத்தத்துக்கான குமிழைப் பின்னுக்குத் திருப்பினாய். சத்தக் குமிழைப் பாதியில் நிறுத்தினாய். சென்றிக் குரல் அடங்கிப் போனது. கை மாறிவிடக்கூடாது என்று ஒவ்வொரு குமிழுக்கும் நேரே வெள்ளைப் பெயின்ற்றால் புள்ளி வைத்தாய்.

சென்றிக் குரலைப் பிடித்த அந்தப் பழைய வால்வை எறியச் சொன்னேன். நீ அதைப் பஞ்சில் சுற்றிப் பிஸ்கட் ரின்னில் வைத்தாய். "காது கூடின வால்வு அம்மா. பாட்டுக்கு உதவாது. ஆனா இது எல்லாத்தையும் கேக்கும்."

ஹெவ்லொக் டவுனுக்குப் பிராக்ரிசுக்குப் போன நீ திரும்பி வரவில்லை. கிற்றார் மட்டும் வந்தது. உன்னோடு வாசிக்கிற சிங்களப் பொடியன் வாசலில் நின்று அழுதான். பஸ் ஹோல்ற்றில் ஆமிக்காரர் சுற்றிவளைத்து, அடையாள அட்டை பார்த்து உன்னை லொறியில் ஏற்றினார்களாம். "அம்மாட்டக் குடு, பின்னேரம் வந்திடுவன்" என்று நீ கிற்றாரை அவனிடம் நீட்டினாயாம். நான் ஏறி இறங்காத பொலிஸ் இல்லை, காம்ப் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவர் இங்கே இல்லை.

பிறகுதான் நான் ரின்னைத் திறந்தேன். பெட்டி ஆறிக் கிடந்த நேரம் நீ செய்வதைப் போலவே துணியால் பிடித்து, நீ தேடித் தேடி வைத்த நல்ல வால்வைக் கழற்றி எடுத்தேன். காது கூடினதைப் பூட்டினேன். குமிழ்களை உன்னுடைய வெள்ளைப் புள்ளிகளைத் தாண்டித் திருகினேன். நீ மூடி வைத்த வாயை நான் திறந்துவிட்டேன், குஞ்சு. உன்னைப் பற்றி யாராவது எதையாவது கதைக்க மாட்டார்களா என்றுதான்.

முதலில் அது என்னைத்தான் கேட்டது. நான் நடந்தால் அதற்குள்ளும் யாரோ நடந்தார்கள். காலி வீதியில் பஸ் போனால் அது நடுங்கியது. குனிந்து உன்னைக் கூப்பிட்டேன்; ஊசி போல மெல்லிய குரலில் உன்னுடைய பெயர் எனக்கே திரும்பி வந்தது. பிறகு சென்றிக் குரல்கள் வந்தன. பார்சல் வேலை முடிந்தால், பின்னேரம் வரைக்கும் அதன் முன்னால் இருப்பேன். சிங்களத்தில் சிரித்தார்கள், ஏசினார்கள், தேத்தண்ணி கேட்டார்கள்.

ஒருநாள் அவர்களில் ஒருவன் கொச்சைத் தமிழில், "அம்மா இருக்கா?" என்று கேட்டான். வோக்கி டோக்கியை அமத்திப் பிடித்தபடியே பக்கத்தில் நின்ற யாரையோ கேட்டிருக்கிறான் போல. கரகரப்புக்குள்ளே தூரத்தில் ஒரு குரல் சொன்னது:

"ஓம். இருக்கிறா."

அவ்வளவுதான். பிறகு இரைச்சல். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "இருக்கிறன் ராசா, இருக்கிறன்" என்று கத்தினேன். அது என்னுடைய சத்தத்தையே எனக்குத் தந்தது.

களுபோவிலையில் இருக்கிற உன்னுடைய சின்னம்மா முந்தாநாள் வந்தாள். சண்டை முடிந்து, சென்றிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனியும் என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்பதுதான் அவளுடைய கேள்வி.

"அக்கா, ஒரு எள்ளும் தண்ணியுமாவது விடுவம். பிள்ளையின்ர ஆத்மா அலையக்கூடாது. முகத்துவாரத்திலை ஐயரிட்டைச் சொல்லியாச்சு. சித்தப்பா முறையிலை இவர் கிரியை செய்வார்."

"நான் குரல் கேட்டனான் பிள்ளை."

"எத்தினை பொடியளைப் பிடிச்சவங்கள்? அது எந்தத் தாயின்ர பிள்ளையோ, அக்கா!"

அவள் சொல்வதும் சரிதான். தேய்ந்து வந்த குரல் அது. உன்னுடையது போலவும் இருந்தது, யாருடையதோ போலவும் இருந்தது. அதைத்தான் இத்தனை காலமும் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

நாளைக் காலையில் முகத்துவாரத்துக்குப் போக வான் வரும். அதனால்தான் இன்றைக்குப் பெட்டியைப் போட்டேன். இப்போது கதைப்பதற்கு வீதியில் ஒருவருமில்லை. ஆனால் அந்தச் சின்ன வால்வு சிவந்து நிற்கிறது. யாரோ சொல்லத் தொடங்குவதற்கு முதல் மூச்சை இழுக்கிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் விடாமல் வருகிறது. நான் அசையாமல் இருக்கிறேன். என்னுடைய காலடி அதற்குள் போகக்கூடாது.

எள்ளைக் கையில் எடுக்க முதல் ஐயர் உன்னுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார். நான் வாய் திறந்து சொல்லிவிட்டால் நீ செத்தவன். சொல்லாவிட்டால் அலைகிறவன். அன்றைக்கு அந்த இரைச்சலுக்குள்ளே நின்று, அம்மா இருக்கிறா என்று சொன்னது நீதானா?