வானம் பார்க்கிற வேலை

5 ஜனவரி 1967, வியாழன்

காலையில் நல்ல குளிர். ஸ்வெட்டரை எடுத்தால் தோளில் பூச்சி அரித்த ஓட்டை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் ஷிப்ட், டிரங்க் கால் போர்டில் மூச்சுவிட நேரமில்லை. திரும்பும்போது ரயிலில் செம்பூர் வரை நின்றபடியே.

இவர் வாசலிலேயே காத்திருக்கிறார், கையில் கவர். ஏரோட்ரோம் ஆபீஸிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தேவிட்டது. ஒரு பொம்மை விமானம் விட இத்தனை கடிதப் போக்குவரத்தா என்று எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் சிரிப்பு. பொம்மை இல்லை, உள்ளே நிஜ எஞ்சின், கீழே நின்று ரேடியோ பெட்டியால் திருப்புவது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ரேடியோவுக்கு லைசென்ஸ் போன வருஷமே வாங்கியாயிற்று. சாந்தாகுரூஸில் இறங்குகிற விமானமெல்லாம் நம் தலைக்கு மேல்தானே போகிறது, கேட்காமல் எப்படி விடுவது என்பார் இவர். கேட்காமல் எதையும் செய்யாத மனுஷர். பெண் பார்த்துவிட்டுப் போனபிறகு, 'உங்களுக்குச் சம்மதம்தானே' என்று எனக்குத் தனியாகக் கடிதம் போட்டவர்.

நிபந்தனைகள், இவர் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டது:
ஞாயிறு மட்டும், காலை 6.45 முதல் 8 வரை.
தேவ்நார் திறந்தவெளியில் மட்டும். அணு நிலையம் இருக்கிற டிராம்பே பக்கம் கூடவே கூடாது.
200 அடிக்கு மேல் ஏறக்கூடாது.
வானம் பார்க்கத் தனியாக ஓர் ஆள். அவர் கண்ணில் விமானம் பட்டால் உடனே இறக்கிவிட வேண்டும்.
எது நடந்தாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

"வானம் பாக்க யாரு?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

7 ஜனவரி, சனி

வெயில். போர்வை துவைத்தது, காய்ந்தது. சாப்பாட்டு மேசை இன்றும் கிடைக்கவில்லை. எட்டு மாதமாக அதன்மேல் விமானம், நாங்கள் தரையில். மில்லில் டிராயிங் போடுகிற வேலை இவருக்கு. ஒரு நூல் தவறினாலும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார். இறக்கைக்கும் அதே கதி, மூன்று தடவை.

சாயந்தரம் காதர் பாய் வந்தார். தாராவியில் லேத் பட்டறை, இவருக்கு ஊர்ப்பக்கம். எஞ்சினை உட்காரவைக்கிற தகடு அவர் கடைந்து கொடுத்ததுதான். எஞ்சினுக்கான எண்ணெயும் கலந்து கொண்டுவந்திருந்தார்: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. மீன் குழம்பு வாசனைகூடத் தோற்றுப்போனது.

எனக்குப் பாடம் நடந்தது. பெட்டியில் ஒரே ஒரு பட்டன். ஒரு தட்டு வலது, இரண்டு தட்டு இடது. அழுத்திப் பிடித்தால் விமானம் சுழன்றுகொண்டே கீழே வரும், தரை கிட்டே வந்ததும் விரலை எடுக்க வேண்டும். அவசரமாக இறக்க அது ஒன்றுதான் வழி. இவர் கண் விமானத்தைவிட்டு நகரக்கூடாது. மிச்ச வானம் முழுக்க என் பொறுப்பு.

"எதப் பாத்தாலும் கத்திரு எஸ்தர். என்னன்னு பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்.

8 ஜனவரி, ஞாயிறு

4.45க்கு எழுந்தது. தேவ்நாரில் லேசான பனி, காலடியில் உப்பு மண். எங்களைத் தவிர நாலைந்து எருமை, ஓர் எருமைக்காரர்.

7.05. பறந்தது! காதர் பாய் கையால் எறிந்தார். முதலில் தணிந்தது, என் நெஞ்சும் கூடவே. பிறகு ஏறியது. சிவப்பு இறக்கை. இவர் முகத்தைப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை. பார்க்கவில்லை. என் வேலை வானம்.

இரண்டு வட்டம் நன்றாகப் போயிற்று. மூன்றாவதில், குப்பைமேட்டுப் பக்கம் உயரத்தில் ஒரு புள்ளி, இறக்கை அசையாமல். "விமானம்!" என்று கத்தினேன். இவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். சுழன்று வந்தது. விரலை எடுக்கக் கொஞ்சம் பிந்திவிட்டார். மூக்கு சேற்றில், இடது இறக்கை இரண்டு துண்டு.

புள்ளி நிதானமாக வட்டமடித்தது. பருந்து.

"பருந்துக்கா கத்துன? கண்ணு எங்க இருக்கு ஒனக்கு? எட்டு மாசம் எஸ்தர்! எட்டு மாசம்!"

"எதப் பாத்தாலும் கத்தச் சொன்னது நீங்கதான்."

"எதப் பாத்தாலும்னா, காக்கா குருவிக்குமா?"

பாய் குறுக்கே வந்தார். "ஜானே தோ, விடுங்க சார். தங்கச்சி என்ன, வேணும்னா செஞ்சுது?" எருமைக்காரருக்கு நல்ல வேடிக்கை.

9 மணி ஆராதனைக்குச் சேற்றுச் செருப்போடு போனோம். ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு பாடினோம்.

9 ஜனவரி, திங்கள்

ரசம், அப்பளம். இன்று வீட்டில் பேசியது: "உப்பு." "சாவி எங்கே." "ம்."

போர்டில் விளக்கு எரிந்தால் பிளக்கைச் செருக வேண்டும். பெரிய மனிதரா, ராங் நம்பரா, கூப்பிடத் தகுந்த விஷயமா என்று யோசிப்பது நம் வேலை இல்லை. ஒன்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். நேற்றும் அதைத்தான் செய்தேன். அதற்குப் போய் வெளியாள் முன்னால் திட்டு. கோபம் ஆறவில்லை. நடுநடுவே அழுகை வேறு வருகிறது, அதுதான் எரிச்சல்.

11 ஜனவரி, புதன்

இன்று லீவு. மாட்டுங்கா மார்க்கெட். முருங்கைக்காய் முற்றல், வாங்கவில்லை. காய்க்கடையில் பழைய வீட்டு மாடி மாமி பிடித்துக்கொண்டாள். "உங்காத்துக்காரர் ஆகாசத்துல பொம்மை விடறாராமே? கொழந்தை பிறந்தா அதுக்கு என்ன மிச்சம் வைக்கப் போறார்?" சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வழியெல்லாம் இவருக்காக அவளிடம் மனசுக்குள் சண்டை. இவரோடு நானே பேசவில்லை, அது வேறு விஷயம்.

13 ஜனவரி, வெள்ளி

வாங்க: து. பருப்பு, சொட்டு நீலம், ஸ்வெட்டருக்கு நூல், பேட்டரி (இவருக்கு).

இறக்கை ஒட்டியாயிற்று. இவருக்குப் பழையபடி விசில், சிரிப்பு. மன்னிப்பு எதுவும் கிடையாது. இறக்கை ஒட்டினால் எல்லாம் ஒட்டிக்கொண்டது என்று நினைப்பு.

"ஞாயித்துக்கெழம நல்லா பாத்துட்டுச் சொல்லு, என்ன?" என்றார், காபியைக் குடித்தபடியே. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான். சரி என்றேன்.

15 ஜனவரி, ஞாயிறு

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

போன வாரத்தைவிடப் பனி அதிகம். ஆனாலும் வெளியின் அந்தக் கோடி தெரிந்தது. 7.10க்குப் பறந்தது. இவர் கை நன்றாகவே பழகிவிட்டது, வட்டமெல்லாம் வட்டமாக வந்தது.

7.20 இருக்கும். கழிமுகப் பக்கம் ஒரு புள்ளி. பார்த்தேன். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பருந்தாகத்தான் இருக்கும். நல்லா பாத்துட்டுச் சொல்லச் சொன்னார், நல்லா பார்ப்போம். வீம்பும் கொஞ்சம் உண்டு, பொய் எதற்கு. ஐந்தாறு நொடி நின்றேன். புள்ளி வட்டமடிக்கவில்லை. நேரே வந்தது. நம் எஞ்சின் இரைச்சலில் அதன் சத்தம் கேட்கவே இல்லை.

பிறகு கத்தினேன். நம்முடையது பாதி இறங்குவதற்குள் அது மேலே வந்துவிட்டது. மஞ்சள் நிறச் சின்ன விமானம், ஓட்டப் பழகுகிறவர்களுடையது. பனியால் தணிந்து வந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கள் பில்டிங் உயரம் இருந்தால் அதிகம். உள்ளே ஒரு தலை தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போய்விட்டது.

நம் விமானம் சேதமில்லாமல் இறங்கியது. இந்தத் தடவை விரலைச் சரியான நேரத்தில் எடுத்தார்.

பாய் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, யா அல்லா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இவர் பெட்டியைத் தரையில் வைத்தார். என்னிடம் வந்து, "பனி எஸ்தர். நீ என்ன செய்வ" என்றார்.

திட்டியிருக்கலாம். ஆராதனையில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தத் தலைதான் தெரிந்தது. யார் பெற்ற பிள்ளையோ.

16 ஜனவரி, திங்கள்

வேலையிலிருந்து வந்ததும் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டார், இங்கிலீஷில். காதர் பாய் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"யாரு பாத்தா சார்? ஓட்டினவனே பாக்கல. எழுதினா பர்மிஷன் போயிரும்."

"எது நடந்தாலும் எழுதித் தாரேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் பாய்."

அந்த நிமிஷம் இவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் மூன்றாவது வரியில், பனிமூட்டத்தால் வானம் பார்த்தவருக்கு முன்கூட்டித் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். கீழே என் கையெழுத்துக்கு இடம். பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

"என்னது?"

"விமானம். முன்னாடியே பாத்துட்டேன். அஞ்சாறு செகண்டு சும்மா நின்னேன். மறுபடி பருந்தா இருந்தா என்ன சொல்லுவியளோன்னு."

இவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாய் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம், ஓடிப்போய் இறக்கினேன். திரும்பி வந்தால் மூன்றாவது வரியின் மேல் கோடு. அடித்தல் திருத்தல் ஆகாத மனுஷர், புதுத் தாள்கூட எடுக்கவில்லை. கீழே எழுதியிருந்தது: வானம் பார்த்தவர் உரிய நேரத்தில் பார்த்தார், சொல்லத் தயங்கினார். முந்தின ஞாயிறு அவர் எச்சரித்ததற்காக நான் திட்டினேன். தவறு என்னுடையது.

"பாதிதான் ஒங்களது" என்றேன். "நின்னது நான்."

யோசித்தார். 'என்னுடையது' என்பதையும் அடித்து 'எங்களுடையது' என்று எழுதினார். இருவரும் கையெழுத்திட்டோம். பாய் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

19 ஜனவரி, வியாழன்

அரை நாள் லீவு. ஏரோட்ரோம் ஆபீஸுக்கு நானும் போனேன். ஆபீஸர் மராத்திக்காரர். மேசையில் டீ ஆடை கட்டி ஆறிக்கிடந்தது. இரண்டு தடவை படித்தார். வானம் பார்த்தது நீங்களா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அனுமதிக் கடிதத்தைக் கொடுங்கள் என்று வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் போகட்டும், பனி விலகட்டும், வந்து பாருங்கள். திரும்பத் தருவேன் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார்.

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. "எட்டு மாசமும் போச்சா?" என்றேன். "விமானம் இருக்குலா" என்றார். அப்புறம் சயான் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

22 ஜனவரி, ஞாயிறு

4.45க்கு முழிப்பு வந்துவிட்டது. இவரும் விழித்துத்தான் கிடந்தார்.

"போவமா?" என்றார்.

விமானம் மேசையிலேயே இருந்தது. பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு. கா. பாய்க்குச் சளி, வரவில்லை. பனியே இல்லை, காற்று மட்டும் சில்லென்று.

வெளியின் நடுவில் பெட்டியோடு நின்று வெறும் வானத்தைப் பார்க்கிறார். தலை மெல்லத் திரும்புகிறது. ஒரு வட்டம். பட்டனை ஒரு தட்டு, இன்னொரு வட்டம். எருமைக்காரர் வாயைப் பிளந்தபடி. இரண்டு பேருக்கும் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் இவருக்கு முதுகைக் காட்டி நின்று, மிச்ச வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

7.15. கிழக்கே தூரத்தில் ஏதோ ஒன்று. நாக்கு ஒரு கணம் நின்றது. கத்திவிட்டுத் திரும்பினேன்.

இவர் கிழக்கே பார்க்கவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்தார். கண் மேலிருந்து சுற்றிச் சுற்றிக் கீழே வந்தது. தரையைத் தொடுமுன் விரலை எடுத்தார். இறக்கிவிட்டார்.

அதற்கப்புறம்தான், "என்னது அது?" என்று கேட்டார்.