கடைக்கு வந்த அக்கா

சலவைக்கூட மாடி அறை,
9 பிப்ரவரி 1921

மதிப்புக்குரிய ரொட்டிக் கடை அம்மாவுக்கு,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு வயது பதினாறு. இந்தக் கூடத்தில் இஸ்திரி போடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் சண்டையில் எங்கள் ஊர் எரிந்தபோது அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அகதிகள் கப்பலில் ஏறினேன். துறைமுகத்தில் இறங்கியதும் எனக்குக் காய்ச்சல் என்று தனி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். எழுந்து வந்து பார்த்தால் தம்பி இல்லை. அன்று முதல் ஒவ்வோர் அநாதை இல்லமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஓர் இல்லத்தில் சமையல் செய்யும் அம்மா சொன்னார்: "நாலு வயசுப் பையனா? முன்பல்லு உடைஞ்சிருக்குமே? அவனை ரொட்டிக் கடைக்காரர் தூக்கிட்டுப் போனாரும்மா." உங்கள் தெருவையும் சொன்னார்.

அவனை நான் வாலு என்றுதான் கூப்பிடுவேன். சேட்டை அப்படி. அவன் உங்களிடம்தான் இருக்கிறானா? ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
அவன் அக்கா


ரொட்டிக் கடை,
21 பிப்ரவரி

பெண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இங்கே ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். மறைக்க மாட்டேன். ஆனால் அவன் என் மகன். அவனுக்கு வேறு கதை தெரியாது. நீ சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக, ஒரு கடிதம் வந்ததும் வளர்த்த பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

நன்றாகச் சாப்பிடுகிறான். பள்ளிக்கூடம் போகிறான். கணக்கு மட்டும் வராது. இவ்வளவு தெரிந்ததே போதும் என்று மனசைத் தேற்றிக்கொள். தயவுசெய்து இங்கே வராதே.

கடைக்காரர் மனைவி


பொத்தான் தொழிற்சாலை விடுதி,
2 மார்ச்

அம்மா,

இஸ்திரி வேலையை விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று யாரோ பெரிய மனிதரின் சட்டைமேல் பெட்டியை வைத்தபடியே நின்றுவிட்டேன். சட்டை கருகிப் போனது. "கண்ணை எங்கே வச்சிருக்கே?" என்று மேஸ்திரி கத்தினார். நானே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எந்த இடத்திலும் எனக்குக் கால் தரிப்பதில்லை.

"கணக்கு மட்டும் வராது" என்று எழுதினீர்களே, அதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? எனக்கும் வராது. எங்கள் அப்பாவுக்கும் வராது.

கப்பலில் எனக்குக் கிடைத்த கம்பளியை அவனுக்குச் சுற்றிவிட்டு நான் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அந்தக் காய்ச்சல் அப்படி வந்ததுதான். நான் அவனை விட்டுவிட்டு ஓடவில்லை அம்மா. "என் மகன்" என்று நீங்கள் எழுதலாம், "என் தம்பி" என்று நான் எழுதக் கூடாதா? சம்பளம் வந்ததும் ரயில் ஏறிவிடுவேன்.

அவன் அக்கா


ரொட்டிக் கடை,
15 மார்ச்

பெண்ணே,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

வந்த புதிதில் அவன் என்னை அம்மா என்று கூப்பிடவே இல்லை. கடை வாசலில் மணி அடித்தால் போதும், "அக்கா! அக்கா!" என்று ஓடி வருவான். வந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வான். "சின்னப் பிள்ளைதானே, பார்க்கிறவங்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுது" என்றார் இவர். எனக்கும் அதை நம்புவது சுலபமாக இருந்தது. பிறகு ஒருநாள் ஓடி வருவதை நிறுத்திவிட்டான்.

பள்ளிக்கூடப் பரீட்சை முடியட்டும். நானே அவனிடம் பக்குவமாகச் சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

கடைக்காரர் மனைவி


உங்கள் ஊர் ரயில் நிலையம்,
3 ஏப்ரல்

அம்மா,

பொறுக்க முடியவில்லை. வந்தேன். வந்து, திரும்பியும் போகிறேன்.

காலையில் உங்கள் கடைக்கு எதிரே குழாயடியில் வெகுநேரம் நின்றேன். உள்ளே வந்தபோது அவன்தான் இருந்தான். தலையெல்லாம் மாவு. "என்ன அக்கா வேணும்?" என்றான். என்னை அடையாளம் கண்டுகொண்டான் என்றே நினைத்தேன். அடுத்த நிமிஷம் எனக்குப் பின்னால் வந்த பெண்ணிடமும், "உங்களுக்கு என்ன அக்கா?" என்றான். கடைக்கு வருகிற எல்லோருக்கும் கொடுக்கிற அக்கா அது! அந்த ஒரு சொல்லுக்காகத்தானே ஐந்து வருஷமாக அலைகிறேன்.

நீங்கள் உள்ளேயிருந்து வந்து கைத்துணியால் அவன் மூக்கைத் துடைத்தீர்கள். "விடும்மா, ஆளுங்க இருக்காங்க" என்று வெட்கப்பட்டுச் சிரித்தான். நான் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு என்ன ஆகும்? ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி எழுத மாட்டேன். விடுதியில் எத்தனை நாள் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவன் நன்றாக இருக்கட்டும்.

அக்கா


ரொட்டிக் கடை,
5 ஏப்ரல்

மகளே,

நீ கடைக்குள் கால் வைத்ததுமே தெரிந்துகொண்டேன். பயம் வந்தால் அவன் உதட்டைக் கடிப்பானே, அதே மாதிரி கடித்துக்கொண்டு நின்றாய். நீ பேசுவாய் என்று நான் காத்திருந்தேன். காத்திருந்தபடியே அவன் மூக்கைத் துடைத்தேன்.

சாயங்காலமே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை.

"காலையில வந்த அந்த அக்காவா?"

"ஆமாடா."

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் வந்தாளா?"

"தெரிஞ்சுதான்."

"அப்புறம் ஏன் போனா?"

"இனிமே வரவே வேண்டாம்னு எழுது!" என்று கத்தினான். அன்று ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. இன்று காலை ரயில் ஊதியதும் சட்டைகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினான். எதற்குடா என்றால், "சும்மா" என்கிறான்.

இவர் மாடி அறையிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லிச் செய்யவில்லை. "அந்தப் பொண்ணு வந்தா எங்கே படுக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அவன் கேள்விக்கு நீதான் வந்து பதில் சொல்ல வேண்டும். நீ எங்கே இருக்கிறாயோ தெரியவில்லை. விடுதிக்கு ஒன்று, சலவைக்கூடத்துக்கு ஒன்று என்று இதையே இரண்டாக எழுதிப் போடுகிறேன்.

அவன் அம்மா


பொத்தான் தொழிற்சாலை விடுதி,
11 ஏப்ரல்

அம்மா,

இரண்டும் கிடைத்தன. ஒன்றைச் சலவைக்கூட மேஸ்திரியே திட்டிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அவனைக் கூட்டிப் போக அல்ல. எங்கே கூட்டிப் போவேன்? எனக்கு ரொட்டி சுடத் தெரியாது. கற்றுக்கொடுங்கள்.

அவன் கேள்விக்கு என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். "பயந்துட்டேண்டா" என்பதைத் தவிர வேறு பதில் அகப்படவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, அங்கேயேதான் இருப்பேன்.

நான் வருவதை அவனிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். சொல்லிவிடுங்கள். என்மேல் கோபப்பட அவனுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

வாலுவின் அக்கா