பழைய அளவுக்கே தைத்தது

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய். அம்மா நலம். எனக்கு நேற்று மாலையிலிருந்து பட்டறையில் வேலை ஓடவில்லை. போனில் கேட்டால் "நல்லாத்தான்ப்பா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நேற்று உன் விடுதியிலிருந்து கோச் போனில் கூப்பிட்டார். பயிற்சியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைதானத்தில் விழுந்தாயாம். முகத்தில் தண்ணீர் தெளித்தும் உடனே கண் திறக்கவில்லையாம். "கண்ணு இருட்டுது, யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்று அறைத் தோழியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாயாமே. நீ விழுந்த பிறகுதான் அந்தப் பெண் அழுதுகொண்டே வாயைத் திறந்திருக்கிறாள்.

உன் கோச்சுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. பிள்ளைகளின் தொடையை டேப் வைத்து அளந்து, குதிக்க வைத்து, எடை போட்டு, எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுகிற பழக்கம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் "உன் எடைக்குக் கால் பலம் பத்தல" என்று அவர் சொன்னது, காலுக்குப் பலம் ஏற்று என்றுதானாம். நீ என்ன செய்தாய்? பலம் ஏற மாதக்கணக்கில் ஆகும், எடை என்றால் சீக்கிரம் இறங்கும் என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டாய். முதலில் வேகம் கூடியதாம், எல்லாரும் கைதட்டினார்களாம். பிறகு குதிக்கிற உயரம் குறைந்ததாம். கடைசியில் ஓட்டமும் போயிற்றாம்.

நான் லாரிக்கு அடியில் படுத்தே எல்லாம் கற்றவன். பாரத்தைக் குறைத்தால் வண்டி பறக்கும்தான். அதற்காக எஞ்சினைக் கழற்றி இறக்கி வைப்பார்களா?

சனிக்கிழமை அணித் தேர்வில் நீ ஓடக் கூடாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை பூட்ஸைத் தொடாதே. கோச்சும் இதையே சொல்கிறார். அவரும் நானும் ஒரே பேச்சுப் பேசுவது இதுதான் முதல் தடவை. எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று அதிலிருந்தே தெரிந்துகொள். மீறி ஓடுவாய் என்று தெரிந்தால் வந்து மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். செய்ய மாட்டேன் என்று நினைக்காதே.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. டிராக் பேண்ட் தைக்க நீ அனுப்பிய இடுப்பளவைப் பார்த்து, "கழுதை, தப்பா அளந்திருக்கா" என்று சிரித்துக்கொண்டே பழைய அளவுக்கே தைத்துவிட்டாள். அந்தப் பக்கம் வருகிற லாரி டிரைவரிடம் இந்தக் கடிதத்தோடு அதையும் கொடுத்து விடுகிறேன்.

நாடாவை இறுக்கிக் கட்டி அதை நிறுத்தாதே. அது தானாக உன் இடுப்பில் நிற்கட்டும். இதைப் படித்ததும் எழுந்து போய் ஒரு வாய் சாப்பிடு, தங்கம்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா