மிளகாய்த்தூளுக்குள் இருந்தது

மார்ச் 3, திங்கள்

எழுத உட்கார்ந்ததற்கே மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. பி.காம். முடித்தேன் என்பதைத் தவிர என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஆனால் அண்ணன் ரஞ்சித் சனிக்கிழமை சிங்கப்பூர் போகிறான். கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. எங்கள் வீட்டிலிருந்து விமானம் ஏறும் முதல் ஆள்.

அந்த ஊர்ச் சட்டங்களைத் தேடிப் படித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாயில் போடும் புகையிலை கூடவே கூடாது. அடுத்தவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

"சூயிங்கம் கூடத் துன்னக் கூடாதா? இன்னா ஊரும்மா அது!" என்று சிரித்தான்.

மார்ச் 7, வெள்ளி

யார் வெளிநாடு போனாலும் தெருவே பொட்டலம் கட்டும். பெட்டியில் பாதி அண்ணன் துணி, பாதி மற்ற வீட்டுக் கருவாடு. பக்கத்து வீட்டு மங்கை அக்கா, அங்கே வேலை செய்யும் புருஷன் மாசானத்துக்காக மிளகாய்த்தூள் கொண்டுவந்தாள்.

"இன்னா மேடம், உன் தாள்ல மொளகாத்தூளும் கூடாதுன்னு எழுதிக்கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

பெட்டியை அடுக்கியது நான். பொட்டலத்தை அமுக்கினேன். தூளுக்குள் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் நெறுநெறுத்தன. காரத்தையும் மீறி, மாசானம் மாமா லீவில் வந்து பேசும்போது வாயிலிருந்து வருமே, அந்த நெடி.

கேட்டால் படித்த திமிர் என்பாள் மங்கை அக்கா. அதற்குப் பயந்து — அதற்குத்தானா? — பெட்டியை மூடினேன்.

மார்ச் 8, சனி

போய்விட்டான்.

மார்ச் 10, திங்கள்

திரும்பி வந்துவிட்டான். அங்கே இறங்கியதும் சோதனையில் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள். பதினான்கு புகையிலைப் பாக்கெட். ஊருக்குள்ளேயே விடவில்லை. வேலையும் போயிற்று.

மங்கை அக்கா வாசலில் நின்று, "ஒரு பொட்லத்துக்கா இம்மாம் பேஜாரு? இவன் பேந்தப் பேந்த முழிச்சிருப்பான், மாட்டிக்கினான்" என்றாள். அவளுக்கு அம்மா டீ கொடுத்தாள். டீ! காலி டம்ளரை வாங்கிக் கழுவியது நான். ச்சீ.

மார்ச் 19, புதன்

அண்ணன் மணலியில் டேங்கர் லாரி கழுவுகிறான். ரசாயன நெடியில் கண் சிவந்து வீடு வருகிறான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாப்பிடும்போது அம்மா என்னிடம், "படிச்சவ நீயாச்சும் பாத்துருக்கக் கூடாதா?" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "தங்கச்சிய ஏம்மா திட்டுற? அது அப்பவே எழுதிக் குடுத்துச்சு. நான்தான் கேக்கல."

அண்ணா, நான் தொட்டுப் பார்த்தேன். தெரிந்தே மூடினேன். இந்த நோட்டை உன் தலையணைமேல் வைக்கிறேன். படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கத்து. ஒன்றே ஒன்று கேட்கிறேன் — இனிமேல் எனக்காகப் பேசாதே.