மூன்றாம் பிரதிவாதி, என் கடை

மார்ச் 4

காலையில் குழாய்ச் சரக்கு வந்தது. பித்தளைக் குழாய் கேட்டால் பித்தளை மேல்பூச்சு மட்டும் உள்ளதை அனுப்பியிருக்கிறான் மொத்த வியாபாரி. அத்தனையையும் திருப்பி ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது நீதிமன்ற ஆள் வந்து ஓர் உறையை நீட்டினார். என் நண்பன் நெட்டையன் கார் வாங்கிய கடனைக் கட்டவில்லையாம், நிதி நிறுவனம் வழக்குப் போட்டுவிட்டது. முதல் பிரதிவாதி நெட்டையன். இரண்டாவது, ஜாமீன் கையெழுத்துப் போட்ட நான். மூன்றாவது, என் கடை.

நான் சரி. கடை எங்கே வந்தது இதில்?

மார்ச் 5

நெட்டையனைப் போனில் பிடித்தேன். "அட, எல்லாருக்கும் அனுப்புறதுதான்டா அது. சும்மா பயமுறுத்துவாங்க. நீ கண்டுக்காதே."

கார் எங்கே என்றேன். அவன் மச்சான் வெளியூருக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறானாம். எந்த ஊர் என்றதும் சிக்னல் போய்விட்டதாம். எனக்கு அவன் மூச்சு விடுவது வரை கேட்டது.

மார்ச் 6

போனை அணைத்து வைத்திருக்கிறான்.

மார்ச் 9

வக்கீலம்மாவைப் பார்க்க வீட்டுக்காரியும் வந்தாள். வராமல் எப்படி? கடையில் பாதி அவளுடையது, பத்திரத்திலேயே இருக்கிறது. வக்கீலம்மா கடன் ஒப்பந்தத்தை எங்கள் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து. அதன்மேல் நீல மையில், வட்டமாக, கடை முத்திரை.

"இதை யாரு குத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. கைப் பழக்கம்."

உண்மை அதுதான். கல்லாவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் மறு நொடி முத்திரை விழும். மகளின் மதிப்பெண் அட்டையிலேயே ஒரு தடவை குத்தியிருக்கிறேன், டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜாமீன் கையெழுத்து வாங்க நெட்டையனோடு கடைக்கு வந்திருந்த நிதி நிறுவனத்து ஆள் சிரிக்கவில்லை. பேசாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். கடையில் அன்றைக்குக் கூட்டம் வேறு.

தோற்றால் கடையின் வங்கிக் கணக்கை முடக்கலாம், சரக்கை ஜப்தி செய்யலாமாம். படி இறங்கும்போதுதான் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். "எனக்கும் சேர்த்துக் குத்திட்டீங்க."

மார்ச் 10

ஏன் போட்டேன்? கடை திறந்த புதிதில் ஒருத்தனும் எனக்குச் சரக்கு தரவில்லை. நெட்டையன்தான் மொத்த வியாபாரியிடம் கூட்டிக்கொண்டு போய், "இவன் குடுத்துடுவான், நான் பொறுப்பு" என்றான். நானும் கொடுத்தேன், சொன்ன தேதிக்கு முன்னாலேயே.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் கார் வாங்கித் தரவேண்டுமா? குண்டூசி வாங்கினாலும் நாலு இடத்தில் விசாரிக்கிறவன் நான்! நண்பன் என்றதும் புத்தி எங்கே போச்சு? எரிச்சலாக வருகிறது. அவன் மேல் பாதி, என் மேல் பாதி.

ஏப்ரல் 2

அவனே கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் நிற்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன்.

"கட்ட முடியலைன்னா முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா?"

"சொன்னா நீ திட்டுவேன்னுதான்..."

"இப்ப மட்டும் கொஞ்சுறேனா?"

தலையைக் குனிந்தபடி நின்றான். எனக்கே பாவமாகிவிட்டது. அப்போது சொல்கிறான், "வீட்டுல ஷவர் உடைஞ்சு போச்சுடா. ஒண்ணு எடுத்துக்கிறேன், அப்புறமா தரேன்." கை தானாக அலமாரிப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன். போடா வெளியே என்றேன்.

மே 16

வக்கீலம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று: "முத்திரை மேசை மேலதானே கிடக்கும்? உங்க நண்பரே எடுத்துக் குத்திட்டாருன்னு சொல்லலாம்." அவர் அப்படிச் சொன்னபோது ஒரு நிமிடம் இனிக்கத்தான் செய்தது. ஆனால் குத்தியது நான். அவன் செய்த அயோக்கியத்தனம் போதும், செய்யாததையும் அவன் தலையில் கட்ட வேண்டாம்.

இரண்டாவது: கடையின் பேரில் கடனோ ஜாமீனோ என்றால் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்று எங்கள் கூட்டுப் பத்திரத்தில் இருக்கிறதாம். தன்னைக் கேட்காமலே நான் இதைச் செய்தேன் என்று வீட்டுக்காரி கூண்டில் ஏறிச் சொன்னால் கடை தப்பும். நான் தப்பமாட்டேன்.

"நீங்க சொல்லுவீங்களாம்மா?" என்றார் வக்கீலம்மா.

இவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அதுதானேங்க நடந்தது."

ஜூலை 21

கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கப் பார்த்தார்.

"கடை உபயோகத்துக்குத்தானேம்மா அந்தக் கார்?"

"நாங்க குழாய் விக்கிறோம். தண்ணி வரும், கார் வராது."

நீதிபதியே சிரித்துவிட்டார். வக்கீல் விடவில்லை. "உங்க வீட்டுக்காரர் உங்களைக் கேக்காம எதையும் செய்வாரா?"

"சரக்கு வாங்கணும்னா கேப்பாரு. சிநேகிதன்னா கேக்க மாட்டாரு. அங்க நான் யாரோதான்."

அவ்வளவு பேர் முன்னால். தலையைத் தூக்க முடியவில்லை. வழக்குக்கு நல்ல பதில் என்று வக்கீலம்மா அவள் முதுகில் தட்டுகிறார். வழக்குக்காகச் சொன்னதா அது?

ஜூலை 22

நான் கடையிலேயே சாப்பிட்டேன். அவள் வீட்டில்.

ஆகஸ்ட் 30

கடையை விடுவித்துவிட்டார்கள். நானும் நெட்டையனும் கட்டவேண்டும். நெட்டையன் எங்கே கட்டப்போகிறான்? மாதத் தவணை கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். நீதிமன்ற வாசலில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் கடை தப்பிச்சுதேடா, இப்பதான் எனக்கு நிம்மதி!" இவனை என்ன செய்வது? கையை உதறிவிட்டு நடந்தேன்.

அக்டோபர் 5

முதல் தவணை கட்டும் நாள். கிளம்பும்போது வீட்டுக்காரியும் செருப்பை மாட்டினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நிதி நிறுவனத்தில் தந்த தாளை என் கையிலிருந்து வாங்கி, பின்பக்கப் பொடி எழுத்து வரைக்கும் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தந்தாள்.

வெளியே வந்தால் மழை. பேருந்து நிறுத்தத்தில் ஒரே குடைக்குள் நின்றோம். போகிற வண்டியெல்லாம் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "நாமளும் ஒரு கார் வாங்கணும்" என்றேன்.

"அதான் ஒண்ணு வாங்கியிருக்கோமே" என்றாள்.