பதினான்காம் தேதி பற்றிய தீர்மானம்

12 ஜனவரி 2026, திங்கள்

நடை நாற்பது நிமிடம். பனி. மாத்திரை போட்டாயிற்று.

ரோஜா ஷெட்டில் பூ தரம் பிரிக்கும் சுவேதா வந்தாள். நான்கு வருஷமாக நம் சபையில் இருப்பவள். ஏற்றுமதிக்கு ஆகாத, காம்பு வளைந்த ரோஜாக்களை ஞாயிறுதோறும் பீடத்துக்குக் கொண்டுவருவாள். லேத் ஆபரேட்டர் பாலாஜியோடு பிப்ரவரி 14, சனிக்கிழமை கல்யாணம் வைக்க வேண்டுமாம்.

"பன்னெண்டோட காதலர் தின லோடு முடியுது சார். பதினாலுதான் லீவு. அதை விட்டா லெந்து நோன்பு வந்துருது, ஈஸ்டர் வரைக்கும் நம்ம சபையில கல்யாணம் கெடையாது. பங்குனி பொறந்தா எங்க மாமா நாட்றாம்பாளையத்துக்குக் கூட்டிட்டுப் போயி அவரு மவனுக்குக் கட்டி வெச்சிருவாரு."

"கமிட்டியில் வைக்கிறேன்" என்றேன். செயலாளர் வேறென்ன சொல்வார்? போன வருஷம் நான் எழுதிய ஒரு தீர்மானம் நினைவுக்கு வந்தது.

13 ஜனவரி

மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் இளைஞர்கள் காதலர் தினத்தன்று சபை ஹாலில் பலூன் கட்டி விருந்து வைக்க அனுமதி கேட்டார்கள். விருந்து வேண்டாம் என்பதுதான் முடிவு. நான் எழுதியிருப்பது: "பிப்ரவரி 14 அன்று ஆலய வளாகத்தில் காதலையோ மணத்தையோ முன்னிட்ட எந்த நிகழ்ச்சியும் நடத்தலாகாது."

மணம் என்று யாரும் பேசவில்லை. எதுவும் விடுபட்டுவிடக் கூடாது என்று நான் சேர்த்தது. மற்ற எட்டுப் பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

15 ஜனவரி

தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். ரோமர்கள் பிப்ரவரி நடுவில் ஆடு பலியிட்ட விழா உண்மை. அதிலிருந்துதான் இந்த நாள் வந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவனுக்கு இது தெரியும். வந்ததாகவே இருக்கட்டும் — தாலி வேதாகமத்தின் எந்த நிருபத்தில் இருக்கிறது? சிலுவை கோத்து நாம் கட்டவில்லையா?

ஆனால் அந்தப் பலூன்களும் பஸ் ஸ்டாண்டுக் கூத்தும் எனக்கு இன்றும் பிடிக்காது. எனக்குப் பிடிக்காததைச் சபைக்குச் சட்டமாக்கிவிட்டேனா?

17 ஜனவரி, சனி

கமிட்டி. மூப்பர் திருமலை எழுந்தார்.

"ஆட்டை வெட்டி ரத்தம் பூசிக்கிட்ட நாளுங்க அது. அன்னிக்குத் தாலி கட்டினா ஆசீர்வாதம் எங்கிருந்து வரும்? தீர்மானமும் இருக்குது. நம்ம சார் எழுதினதுதான்."

போதகர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தேன். "ஆமாம், இருக்கிறது" என்றேன்.

கல்யாணத்துக்கு அனுமதி இல்லை என்று முடிவாயிற்று. அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவுதான்.

18 ஜனவரி

சுவேதா இன்றும் பூ கொண்டுவந்தாள். என் பக்கம் வரவில்லை.

வீட்டில் மனைவி சரோஜம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "திருமலைன்னு தாத்தாவோட பெருமாள் பேரை வெச்சிக்கிட்டு அவரு ரோமாபுரி வேரைத் தோண்டறாரா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல் கேட்டாள்: "அந்தப் புள்ளைய மாமன் இழுத்துக்கிட்டுப் போறப்ப மினிட்ஸ் புத்தகத்தைக் காட்டுவீங்களா?"

20 ஜனவரி

நடைக்குப் போகவில்லை. மாத்திரை போட்டேனா? நினைவில்லை.

22 ஜனவரி

வருகிற ஞாயிறே விவாக அறிவிப்பை முதல் தடவை வாசித்தால்தான் கல்யாணத்துக்குள் மூன்று ஞாயிறு ஆகும். போதகரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "என்கிட்ட சொன்னா போதாது சார், கமிட்டியில சொல்லுங்க" என்றார். சனிக்கிழமை அவசரக் கூட்டம்.

ஐயோ, எழுபத்தி நாலு வயசுல எனக்கு இது தேவையா?

24 ஜனவரி, சனி

எழுதிக் கொண்டுபோனதைப் படித்தேன். மணம் என்பது கமிட்டி சொன்னதல்ல, நானாகச் சேர்த்தது என்றேன்.

திருமலை, மெதுவாகத்தான், கேட்டார்: "அப்ப பதினோரு வருஷ மினிட்ஸ்ல இன்னும் என்னென்ன சேர்த்திருக்கீங்க சார்?"

வேறு எதுவும் இல்லை. இல்லையென்று நம்ப வேண்டியவர்கள் அவர்கள். புத்தகத்தையும் அலமாரிச் சாவியையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஓட்டு ஐந்துக்கு மூன்று என்று போதகர் வந்து சொன்னார். எந்தப் பக்கம் ஐந்து என்று கேட்டேன்.

25 ஜனவரி

முதல் அறிவிப்பு வாசித்தாயிற்று. ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டபோது திருமலை இருமினார். வெறும் இருமல்தான்.

8 பிப்ரவரி

மூன்றாவது அறிவிப்பு. சுவேதாவுக்கு இன்றும் ஷெட்டில் வேலை, ஆராதனைக்கு வரவில்லை. பீடத்தில் பூ இல்லை.

14 பிப்ரவரி, சனி

பீடத்தில் இன்று நேர்க்காம்பு ரோஜாக்கள், முதல் தரம். ஷெட்டுப் பெண்கள் இருபது இருபதாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். சுவேதாவின் மாமா கடைசி வரிசையில் கைகட்டி நின்றார், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கல்யாணப் பதிவேட்டை எழுதியவர் புதுச் செயலாளர் திருமலை. தேதிக் கட்டத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார்.

கூட்டம் கலைந்த பின் சரோஜம்மாளுக்காகப் பீடத்துப் பூவில் ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன். திருமலை பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அதற்குள் பக்கத்தில் நின்ற அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.